சொரிமுத்து காரில் பாடிய கொசு

மொட்டப்பாறைக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர் சொரிமுத்து ஒரு பழைய கார் வாங்கி, அதில் ஸ்டீரியோ மாட்டினான். பாட்டு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் இன்ஜின் ஓடினால் பாட்டுக்கு நடுவே 'ஙொய்' என்று ஒரு சத்தம். வண்டி வேகமெடுத்தால் அதுவும் குரலை ஏற்றிக்கொள்ளும். அவன் மனைவி பேச்சியம்மாள் எத்தனையோ பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "ஒண்ணு இந்தக் கொசு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஊரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சொரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகள் வேலாண்டியும் இசக்கிபாண்டியும் ஓடி வந்தார்கள். மூவரும் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கொசுவர்த்தி கொளுத்தினார்கள். மூவருக்கும் இருமல் வந்தது. சத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகுதான் டவுனில் இருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஜெபமணிக்கு போன் போட்டார்கள். அவர் ஏதோ அவசரத்தில் இருந்தார். "எர்த் சரியிருக்காதுப்பா. எர்த் நல்லா கெட்டியாப் பிடிக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"எர்த்துன்னா மண்ணு" என்றான் வேலாண்டி. அவன்தான் மூவரில் படித்தவன்.

"செம்மண்ணா, கரிசலா?"

"கெட்டியாப் பிடிக்கணும்னாரே. களிமண்ணுதான்."

குளத்தில் இறங்கிக் களிமண் அள்ளி வந்து ஸ்டீரியோவைச் சுற்றி அப்பினார்கள். கொசு அப்படியே இருந்தது. மண்ணோடு வந்த தவளை ஒன்றும் அதோடு சேர்ந்துகொண்டது.

மறுபடி போன். "யோவ், எர்த்துன்னா கருப்பு ஒயருய்யா. பெயிண்டைச் சுரண்டிட்டு பாடியில இறுக்கிக் கட்டுங்க."

மூவரும் யோசித்தார்கள். யார் பாடி என்று அவர் சொல்லவில்லையே.

"பெயிண்டைச் சுரண்டச் சொன்னாருல்லா?" என்றான் வேலாண்டி. "நம்மள்ல பெயிண்டு இருக்கது யாரு மேல?"

இரண்டு பேரும் இசக்கிபாண்டியைப் பார்த்தார்கள். முந்தின நாள் பஞ்சாயத்து ஆபீஸ் கேட்டுக்குப் பச்சை அடித்தவன் அவன். மறு பேச்சுப் பேசாமல் கையை நீட்டினான். தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி, ஒயரை முழங்கைக்கு மேல் சுற்றிக் கட்டினார்கள்.

"சத்தம் நின்னுச்சா?"

"இல்ல மாப்ள."

"அப்ப இன்னும் இறுக்கு."

கை நீலம் பாரித்த பிறகும் கொசு பாடிக்கொண்டேதான் இருந்தது. சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஜென்மத்தில் பேச்சியம்மாள் வரமாட்டாள் என்றே நினைத்தான்.

மூன்றாவது தடவை ஜெபமணி கொஞ்சம் பொறுமையாகவே சொன்னார். "ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டும்போது சத்தம் நிக்குதோ, கோளாறு அதுலதான்."

முதலில் இசக்கிபாண்டியைக் கழற்றினார்கள். பிறகு வைப்பர், கண்ணாடி, பின் சீட், நம்பர் பிளேட். ஒன்றும் நடக்கவில்லை. அலுத்துப்போன சொரிமுத்து, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று சாவியைக் கழற்றினான்.

இன்ஜின் நின்றது. கொசுவும் நின்றது. ஸ்டீரியோவுக்கு ஒயரை நேராக பேட்டரியிலிருந்து இழுத்திருந்ததால் பாட்டு மட்டும் கணீரென்று கேட்டது.

"சாவி" என்றான் வேலாண்டி மெதுவாக. "இத்தன நாளா கையிலயே வச்சிருந்திருக்கோம்."

சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, காரைத் தள்ளிக்கொண்டே பக்கத்து ஊருக்குப் போனார்கள். பேச்சியம்மாள் வாசலுக்கு வந்து காது கொடுத்துக் கேட்டாள்.

"கொசுவைக் காணோமே?"

"சாவிக்குள்ள இருந்துச்சு. கிணத்துல போட்டாச்சு."

"நான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் பையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். சொரிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். மற்ற இருவரும் தள்ளினார்கள்.

பாதி வழியில் பேச்சியம்மாள் முகம் சுளித்தாள். "பின்னாலருந்து ஏதோ முனகல் சத்தம் கேக்கு."

சொரிமுத்துவுக்கும் கேட்டது. ஆனால் இப்போது அவனுக்கு வழி தெரியும். இறங்கிப் போய் வேலாண்டியை வீட்டுக்கு அனுப்பினான். முனகல் குறைந்தது. இசக்கிபாண்டியையும் அனுப்பினான். முனகல் நின்றேவிட்டது. கோளாறு தங்களிடம்தான் என்று தெரிந்துகொண்ட நிம்மதியில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.

கார் நடு ரோட்டில் நின்றது. பாட்டு தேனாகப் பாய்ந்தது. பேச்சியம்மாள் கண்ணை மூடித் தலையசைத்தாள். சொரிமுத்துவும் சாய்ந்து உட்கார்ந்தான்.

அப்போது பின்னால் ஒரு பஸ் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது.

சொரிமுத்து பெருமூச்சு விட்டான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றான்.

"டிரைவர் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய" என்றான். "ஒவ்வொண்ணாத்தான் கழட்டிப் பாக்கணும்."