சம்பந்திகள் பேசுகிறார்கள்

கோணவாய்ப்பட்டி அய்யாக்கண்ணுவும் அவர் தம்பி முத்தழகுவும் வாயைத் திறந்தால் வம்புதான். தங்கச்சி மகள் பூங்கோதைக்கு முன்னே ஒரு நல்ல வரன் வந்தது. "மாப்பிள்ளைக்குப் பல்லெல்லாம் சொந்தப் பல்லுதானா?" என்று இவர்கள் செல்போனில் அனுப்பிய ஒரே கேள்வியில் அது கலைந்துபோனது.

இப்போது வந்திருக்கும் இளவழகனைப் பூங்கோதைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அவன் ஆடி பிறந்ததும் கப்பல் வேலைக்குப் போகிறவன். போனால் எப்போது திரும்புவானோ, ஆனிக்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும்.

தங்கள் வாயை நம்பாத மாமன்கள் செல்போன் கடை ரோஸ்லினிடம் போனார்கள். அவள் தானாகவே பதில் போடும் ஒரு பாட் செய்துகொடுத்தாள். சின்னதாக ஒரு வலைப்பக்கம், அதில் ஒரே ஒரு கட்டம். கட்டத்தில் என்ன எழுதிவைக்கிறோமோ, இரண்டு வீட்டாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எந்தச் செய்தி வந்தாலும் பாட் நமக்காக அதைச் சொல்லிவிடும். இனி அதுவே பேசட்டும், நடுவில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், சார்ஜ் மட்டும் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். நல்ல பெண், யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

என்ன எழுதுவது என்று சாயங்காலம் வரை யோசித்தார்கள்.

"எது கேட்டாலும் பொருந்தணும்ணே. நாம பொண்ணு வீடு, பணிஞ்சு போறதுதான் அழகு" என்றான் முத்தழகு.

அப்படியே எழுதினார்கள்: "எல்லாம் உங்க இஷ்டம், சம்பந்தி."

மாப்பிள்ளையின் அப்பா கோதண்டமும் இவர்களுக்குச் சளைத்தவர் இல்லை. அதிகாரம் பண்ணினார் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று பயந்து, அவரும் அதே கடையில் ஒரு பாட் வாங்கியிருந்தார். அவர் கட்டத்தில் எழுதியது: "அதெப்படிங்க, நீங்க சொன்னா சரி."

கல்யாணத்தை என்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அய்யாக்கண்ணு குழுவில் கேட்டதுதான் தாமதம். நீங்க சொன்னா சரி என்றது அந்த பாட். எல்லாம் உங்க இஷ்டம் என்றது இந்த பாட். அதெப்படிங்க என்றது அது. ஆனி பாதி கழிந்தும் இரண்டும் ஓயவில்லை.

தேதி என்னாச்சு மாமா என்று பூங்கோதை கேட்கும்போதெல்லாம், பேசிக்கிட்டிருக்காங்கம்மா என்று பெருமையாகச் சொன்னார் அய்யாக்கண்ணு. இவ்வளவு மரியாதையான சம்பந்தம் ஊரில் யாருக்குக் கிடைத்தது?

ஒருநாள் சுத்துப்பட்டு ஊரெல்லாம் கரண்ட் போனது. ரோஸ்லின் கடையில் மட்டும் இன்வெர்ட்டர் உண்டு. மாமன்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓட, அங்கே கோதண்டமும் தன் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள்.

"சௌக்கியமா சம்பந்தி?" என்று ஆரம்பித்தார் கோதண்டம்.

அய்யாக்கண்ணு உதட்டில் விரலை வைத்தார். "அவங்க பேசிக்கிட்டிருக்காங்க. நடுவில நாம பேசினா நல்லாவா இருக்கும்?"

கோதண்டம் வெட்கப்பட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமன்களைத் தேடிக்கொண்டு வந்த பூங்கோதை இதைப் பார்த்தாள். அவளுக்கு வந்ததே கோபம்! அங்கேயே நின்று இளவழகனைக் கூப்பிட்டுப் பேசினாள். பிறகு குழுவில், "வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம்" என்று போட்டாள்.

எல்லாம் உங்க இஷ்டம் என்றது ஒரு போன். நீங்க சொன்னா சரி என்றது இன்னொன்று.

அய்யாக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடா தம்பி, பேசிப் பேசி எப்படி ஒரு முடிவுக்குக் கொண்டாந்துட்டாங்க."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் முதல் இரண்டு இலையும் போன்களுக்குத்தான். இவ்வளவு பாடுபட்டவர்கள் வயிறு காயலாமா? முத்தழகு பணிவாகக் குனிந்து, இலைமேல் வைத்திருந்த தங்கள் போனுக்குச் சோறு வைத்து, சுடச்சுட ரசத்தை ஊற்றினான். போன் ஒரு தடவை சிணுங்கிவிட்டு அடங்கியது.

அய்யாக்கண்ணு பந்தியைப் பார்த்துக் கை காட்டினார்.

"யாரும் சத்தம் போடாதீங்க. எத்தனை நாள் அலுப்போ, சாப்பிட்டதும் கண் அசந்துட்டாரு."

பக்கத்து இலையில் இருந்த தன் போனைக் கோதண்டம் கவலையோடு பார்த்தார். கண் அசந்தவருடைய சம்பந்தி இன்னும் பசியோடு இருந்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக, "இங்கேயும் கொஞ்சம் ரசம்."