கரடிக்கு ஒரு பலாப்பழக் கேக்

மலையடிவாரக் காட்டில் ஒரு பெரிய பலாமரம் இருந்தது. அது கரடிக்குச் சொந்தம். அதன் பொந்தில் ஓர் அணில் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

அணிலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சந்தோஷம் வந்தால் குதிக்கும், கவலை வந்தாலும் குதிக்கும். ஒருநாள் காலையில் மரத்தில் முதல் பழம் பழுத்து மணம் வீசியது. கேட்கவா வேண்டும்! அணில் கிளைக்குக் கிளை பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கிளைக் கவட்டையில் இருந்த தேனடையைத் தட்டிவிட்டது. அது கரடி பத்திரப்படுத்தியிருந்த தேனடை. தொபுக்கென்று ஓடையில் விழுந்து போயே போய்விட்டது.

கரடி ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. அதற்கு ஒரு வாரமாகப் பல்வலி.

"நாலு நாளா ஆசைப்பட்டு வெச்சிருந்த தேன்" என்றது கரடி. "பொழுது சாயறதுக்குள்ள அதுக்கு ஈடா ஏதாவது இனிப்பு வரணும். வரலேன்னா பொந்தைக் காலி பண்ணிடு."

"ஐயா, மழை வர்ற நேரம். குட்டிங்களைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே போவேன்?"

"அதைக் குதிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கரடி போய்விட்டது.

அணில் நேராகக் காட்டுக்கோழியிடம் ஓடியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. கோழி தன் குஞ்சுகளுக்குப் பணியாரம் சுடத் தினைமாவைப் புளிக்க வைத்திருந்தது. அணில் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தது.

"தேனுக்குத் தேன்தான் வேணும்னு அவர் சொல்லலையே" என்றது கோழி. "சொத்தைப் பல்லுக்கு இன்னும் தேன் வேற எதுக்கு? பழத்தோட இனிப்பே போதும். பலாச்சுளையை மசிச்சு இந்த மாவுல கலப்போம். கேக் சுடலாம்!"

"கேக்கா! முட்டை வேணாமா அக்கா?"

கோழி அதை ஒரு பார்வை பார்த்தது. அணில் அந்தப் பேச்சை அதோடு விட்டது.

மலைக்கோயிலில் பொங்கல் வைத்தவர்கள் விட்டுப்போன பானைகள் இரண்டு புதரோரம் கிடந்தன. அணிலும் கோழியும் சேர்ந்து ஒன்றை உருட்டிவந்தன. பலாமரத்துக்குப் பக்கத்தில், மின்னல் விழுந்து எரிந்த மூங்கில் புதரில் கங்கு இருந்தது. கங்கின்மேல் பானையை வைத்து, அதனுள்ளே அடியில் மணலைப் பரப்பிச் சூடேற்றின. அணில் பழுத்த பழத்தைக் கொறித்துப் பிளந்து, சுளைகளை எடுத்து மசித்தது. மசித்ததில் பாதியை வாயில் போட்டுக்கொண்டது, மீதிப் பாதி மாவுக்கு வந்தது. நுரை வரும்வரை அடித்துக் கலக்கின. பிறகு சின்னச் சட்டியில் பலா இலை விரித்து, மாவில் ஒரு பங்கை ஊற்றிச் சூட்டு மணல்மேல் இறக்கிப் பானையை மூடின.

"எல்லாத்தையும் ஊத்திடலாமே அக்கா?"

"பாதி இருக்கட்டும். இப்ப நான் சொல்றதைக் கேளு. மூடினா மூடினதுதான். மர நிழல் அந்தக் கறையான் புத்தைத் தொடும்போது மணம் தானா வெளியே வரும். அதுவரை மூடியில கை வைக்காதே. நான் இருபத்தோரு நாள் அடைகாக்கறேன். உள்ளே என்ன ஆச்சுன்னு ஒரு தடவையாவது முட்டை ஓட்டை உடைச்சுப் பார்த்திருப்பேனா?"

சொல்லிவிட்டுக் கோழி குஞ்சுகளை மேய்க்கப் போனது.

அணில் பானையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்குள் கேக் இருக்கிறது! தானே செய்த கேக்! அதன் வால் நிற்கவே இல்லை.

அந்த நேரம் மரநாய் வந்து சேர்ந்தது. மரநாய் பகலெல்லாம் தூங்கும் பிராணி. அன்று மட்டும் அதற்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று அணில் யோசிக்கவில்லை.

"என்னமோ கருகற வாசனை வருதே" என்றது மரநாய்.

அணில் பதறி மூடியைத் திறந்தது. மாவு லேசாக உப்பியிருந்தது. கருகவில்லை. மூடியது.

"நல்லா பார்த்தியா? ஓரத்துல?"

மறுபடி திறந்தது. மூடியது.

"நடுவுல வேகலைன்னா கரடி கோபிக்குமே. குச்சியால குத்திப் பார்த்துடேன். எனக்கென்ன, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இப்படியே ஏழு தடவை. நிழல் புற்றைத் தொட்டபோது அணில் ஆசையாகத் திறந்தது. கேக் நடுவில் பள்ளமாக அமுங்கிக் கிடந்தது. தொட்டால் களி. அணிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிவந்த கோழியின் குஞ்சுகள் மட்டும் அதை அடித்துப் பிடித்துத் தின்றன.

"ஐயோ பாவம்" என்றது மரநாய். "சாமான் தூக்க நான் வேணா வரட்டுமா? ஆமா, அந்தப் பொந்துல என் வாலை நீட்டிப் படுக்க இடம் இருக்குமா?"

அணிலின் அழுகை சட்டென்று நின்றது. இதற்காகத்தான் இந்த அண்ணன் பகலில் தூங்காமல் வந்தாரா!

இப்போது விரட்டினால் மரநாய் போகாது. சண்டை போட அணிலுக்கு உடம்பும் இல்லை, நேரமும் இல்லை. அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அண்ணே, உங்க பேச்சைச் சரியா கேட்காததுதான் என் தப்பு. இன்னொன்னு சுடறேன். நீங்களே பக்கத்துல இருந்து பார்த்துக்கங்க. அதுக்கு முன்னாடி மேல பொந்துக்குப் போய் இடம் போதுமான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. குட்டிங்க தூங்குது, சத்தம் போடாதீங்க."

மரநாய் உற்சாகமாக மேலே ஏறியது. "கூடவே நான் போறேன்" என்று கோழி கண்ணைக் காட்டிவிட்டு, கீழ்க்கிளைக்குப் பறந்து, அங்கிருந்து தாவிப் பொந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. அணில் புதரோரம் கிடந்த இரண்டாவது பானையை மூச்சுமுட்ட உருட்டிப் புற்றுக்குப் பின்னால் கொண்டுபோனது. கங்கு, சூட்டு மணல், பலா இலை விரித்த சட்டி, மிச்ச மாவு, மூடி. எல்லாம் தயார். பழைய பானையில் வெறும் மணலைப் போட்டு மூடி, அதன் எதிரே வந்து அடக்கமாக உட்கார்ந்தது.

கீழே வந்த மரநாய், "கருகுதே" என்றது.

"நீங்களே பாருங்கண்ணே. ஆனா முழுசா திறக்காதீங்க, ஆவி அடிக்கும்."

மரநாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மூடியை ஓர் ஓரமாகத் தூக்கும், குளிர்காற்றை உள்ளே விடும், மூடும். உள்ளே பார்க்கக்கூட இல்லை. கேக்கைக் கெடுப்பது ஒன்றே அதற்குக் குறி.

அப்போது புற்றுக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

அணிலுக்கு உயிரே போனது. நிஜமாகவே கருகுகிறதோ? ஓடிப்போய் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன? இருந்த மாவு அவ்வளவுதான். இதுவும் போனால் குட்டிகளுக்கு வீடு இல்லை. கால்கள் துடித்தன. ஆனால் எழுந்தால் மரநாயும் எழுந்துவரும். திறந்தால் கேக் மறுபடி அமுங்கும். அணில் தன் வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தது.

வெயில் மஞ்சளானது. காற்றில் ஒரு மணம் வந்தது. பலாவும் வறுத்த தினையும் கலந்த மணம்!

அதை முகர்ந்துகொண்டே கரடியும் வந்தது. "எங்கே இனிப்பு?"

"பாவம், அதால முடியலைங்க. நீங்களே பாருங்க" என்று மரநாய் முந்திக்கொண்டு மூடியை முழுதாகத் தூக்கியது. உள்ளே மணல். மரநாயின் வாய் திறந்தபடி நின்றது.

"ஒரு நிமிஷம் ஐயா!" அணில் பாய்ந்தது. இப்போது பாயலாம். புற்றுக்குப் பின்னால் ஓடி மூடியைத் திறந்தது. இலையின் ஓரம்தான் கருகிப் புகைந்திருந்தது. கேக் சட்டிக்கு மேல் எழும்பி, பொன்னிறமாக, பஞ்சுபோல் நின்றது. "வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு!" என்று அணில் கத்தியதில் பொந்துக் குட்டிகள் தூக்கம் கலைந்து கீச்சிட்டன.

கரடி ஒரு துண்டை வாயில் போட்டது. கன்னத்தைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"பல்லுல குத்தலை" என்றது ஆச்சரியமாக. பிறகு சட்டி காலியாகும்வரை தின்றுகொண்டே இருந்தது.

"பொந்து உன்னுதுதான். அடுத்த வாரமும் இதே மாதிரி ஒண்ணு வேணும். பலா சீசன் முடிஞ்சா என்ன பண்றது?"

"நாவல் வந்துடும் ஐயா. அதுக்கப்புறம் சீத்தா."

கரடி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மரநாயைப் பார்த்தது. "பகல் பூரா தூங்காம இங்கே என்ன பண்றே?"

மரநாய் மலைச்சரிவைப் பார்த்து நடந்தது. அதற்குத் தூக்கமும் போனது, பொந்தும் போனது, கேக்கில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அக்கறை காட்டுவதுபோல் பக்கத்தில் நின்று பதற்றப்படுத்துகிறவர் பேச்சுக்கு ஆடாமல், காரியம் கனியும்வரை பொறுத்திருப்பவரே அதன் பலனைப் பெறுவார்.