துப்பிய தண்ணீர்

காசிமுக்கு அந்தக் கப்பலில் ஒரே ஒரு பகை, பின்பக்கத் தொட்டி. சரக்கும் இல்லை, எண்ணெயும் இல்லை. வெறும் கடல்நீர் அதில் சும்மா கிடந்தது.

“மேடம், ஆத்துத் துறைமுகத்துக்குப் போறோம். இந்த உப்புத்தண்ணிய எதுக்குச் சுமக்கணும்? கொட்டிரட்டுமா?”

தலைமைப் பொறியாளர் டெல்பின், காசிமைவிடப் பத்து வயது இளையவர். இந்தக் கப்பலுக்குப் புதிதாக வந்த காசிமுக்கு அவர்தான் குரு. ஆனாலும் மூத்தவர் என்று அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றே கூப்பிடுவார். ஒரு தம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து நீட்டினார்.

“குடிச்சுப் பாருங்க காக்கா.”

காசிம் ஒரு வாய் வைத்தார். முகம் கோணத் துப்பினார்.

“கொட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டு டெல்பின் போய்விட்டார்.

ஆற்றுத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கியது. வெறுங்கப்பல் கடலில் தள்ளாடாமலிருக்க அதன் வயிற்றில் ஆற்றுநீரை நிரப்ப வேண்டும். அதிலுள்ள புழுபூச்சி உயிரோடு அடுத்த துறைமுகம் போய்ச் சேரக் கூடாது. அங்கே சோதிப்பார்கள். தேறாவிட்டால் கப்பலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காசிமின் பழைய கப்பல் அப்படித்தான் திரும்பியது. அதோடு அவர் வேலையும் போனது. இங்கேயும் அந்தப் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது.

பழைய கப்பலில் மருந்து வாங்கி ஊற்றுவார்கள். இங்கே தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சும் இயந்திரம். காசிம் அதை ஓடவிட்டார். வீறிட்டு நின்றது. மறுபடி ஓடவிட்டார். மறுபடி நின்றது. டெல்பினிடம் ஓடினார்.

“மேடம், கடல்ல நல்லா ஓடுன மெஷின்! இளநி மாதிரித் தண்ணி, இதுல ஓட மாட்டேங்குதே!”

டெல்பின் போய்ப் பின்பக்கத் தொட்டியின் வால்வைத் திறந்தார். உப்புநீர் வந்து ஆற்றுநீரோடு கலந்து இயந்திரத்துக்குள் போனது. மின்சாரம் பட்ட உப்பு, குளோரினாக மாறியது. அளவுமானியின் முள் சரசரவென்று ஏறியது.

அடுத்த துறைமுகத்தில், மிச்சமிருந்த குளோரினின் வீரியத்தை முறித்த பிறகு, அதிகாரி தண்ணீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். காசிம் மூச்சுவிடவில்லை.

அதிகாரி நிமிர்ந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

பம்புகள் முழங்கின. கப்பலின் இருபுறமும் தண்ணீர் கொட்டியது. காசிம் வயசை மறந்து குதித்தார். கண் கலங்கியது.

“ஜெயிச்சிட்டோம் மேடம்! ஆனா ஒரு சொட்டு மருந்துகூட ஊத்தலையே, எதுதான் அத்தனையையும் கொன்னுச்சு?”

டெல்பின் சிரித்தார்.

“நீங்க துப்புனீங்களே காக்கா, அதுதான்.”