அண்டாவின் ஆசாரம்

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் புவியியல் கற்பித்த திருமதி எஸ்தர் ஞானமணி. எதையும் மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே, பாத்திரங்கள் பேசின என்று அவர் சொன்னபோது நான் ஐயுறவில்லை.

வடக்கே ஒரு பனிமலையின் அடிவாரத்தில், தென்னாட்டு யாத்திரிகர்களுக்கென்று ஒரு சத்திரம் முன்பு இருந்தது. அதன் அடுக்களைப் பாத்திரங்கள் அனைத்தும் கும்பகோணத்திலிருந்து இரயிலேறி வந்தவை. அவற்றுக்குத் தலைமை, ஒரு பித்தளை அண்டா. ஆசாரத்தில் அதற்கு இணையாக நிற்கக் கோயில் மணியாலும் முடியாது.

சத்திரத்துக்கு நீர் தந்தவள், பனியின் மகளான ஓடை. மலையிலிருந்து இறங்கி முற்றத்துக் கல்தொட்டியில் நிறைவாள். சமையலுக்கும் கீரைப்பாத்திக்கும் கழிப்பிடத்துக்கும் அந்தத் தொட்டி நீர்தான். பாத்திரம் கழுவிய நீர் மட்டும் பின்சுவரின் ஓட்டை வழியாக வெளியேறும். அப்பால் அது என்ன ஆயிற்று என்று அடுக்களையில் எவரும் கேட்டதில்லை. கேட்பதே ஆசாரக் குறைவு.

ஒரு வைகாசியில் ஓடை நூல்போல வந்தாள்.

"என்ன அம்மா, இப்படி மெலிந்துவிட்டாய்? இத்தனை ஆண்டுகளாகக் கொழுகொழுவென்று வந்தாயே" என்றது அண்டா.

"அது என் தாய் உருகி உருகிக் கொடுத்தது, ஐயா. விளைச்சலைக் கொடுக்கவில்லை, நிலத்தையே விற்றுக் கொடுத்தாள். இப்போது மேலே பாறைதான் தெரிகிறது. இனி இவ்வளவுதான்."

"உருகுவது அவ்வளவு பெரிய துன்பமா?" என்று கேட்டது கரண்டி.

"என்னிடம் கேள்" என்றது ஈயச்சொம்பு. அது ரசம் வைக்கும் சொம்பு. உள்ளே நீர் இருக்கும்வரை தீயைத் தாங்கும். நீர் வற்றினால் தானே உருகிவிடும். "பங்குனியில் ரசம் சுண்டிப்போய், என் அடியில் ஒரு பக்கம் கரைந்துவிட்டது. அன்றுமுதல் கோணலாகத்தான் உட்காருகிறேன்."

"கோணல் உன் பிறவிக் குணம்" என்றது கரண்டி.

அப்போது பின்சுவரின் ஓட்டைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐயா, ஒரு வார்த்தை. நான் கழுநீர். இங்கே ஒரு குழியில் நாணல் அடர்ந்திருக்கிறது. அதன் வேர்களுக்கிடையே ஊறி ஊறித் தெளிந்துவிட்டேன். கீரைக்கும் கழிப்பிடத்துக்கும் நான் போகிறேன். ஓடையின் நீரை நீங்கள் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்."

அண்டாவின் விளிம்பு சிவந்தது. "எச்சில் தண்ணீர் என் முற்றத்தைத் தாண்டுவதா? சுவருக்கு அந்தப் பக்கமே நில்."

"நின்றுகொண்டுதான் பேசுகிறேன், ஐயா. ஓடத்தான் இடமில்லை."

"வேண்டுமானால் நான் கொண்டுபோய் ஊற்றுகிறேனே" என்றது வாசற்படிக்கு வெளியே இருந்த தகர வாளி.

"கடைத்தெருவில் வாங்கிய வாளிக்கு யோசனை சொல்லும் உரிமை கிடையாது" என்று அண்டா பேச்சை முடித்தது.

ஆனி பிறந்தது; யாத்திரிகர்களும் வந்தார்கள். ஒருநாள் காலையில் சமையற்காரர் வேதாசலம், தொட்டியின் அடியைச் சுரண்டிக் கொணர்ந்த நீரில் புளியைக் கரைத்து, ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றினார்.

"ஏன் அண்ணா, இவ்வளவு கொஞ்சமா வச்சிருக்கீங்க? கூடத்துல அத்தனை பேர் இலை போட்டு உக்காந்திருக்காங்க" என்றார் சத்திர நிர்வாகி செங்கமலம்.

"இருந்ததெல்லாம் கீரைக்குப் போச்சும்மா. மிச்சத்தக் கக்கூஸ்ல ஊத்தியாச்சு. இனி ரசம் வேணும்னா நீங்கதான் மேகத்துக்கிட்ட பேசணும்."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வாங்க, வாய்க்கால்ல ஏதாவது அடைச்சிருக்கான்னு பாக்கலாம்."

இருவரும் ஓடைப் பக்கம் போனார்கள். அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட இருவருக்குமே தோன்றவில்லை. ரசம் கொதித்தது, பிறகு சுண்டியது.

"பெரியவரே, என் அடி இளகுகிறது" என்றது ஈயச்சொம்பு.

அண்டா குடத்தைப் பார்த்தது. குடம் கவிழ்ந்து காட்டியது. அண்டா ஓடையைக் கூப்பிட்டது.

"சொட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா. நாளைக்குள் ஒரு குவளை சேர்ந்துவிடும்" என்றாள் அவள்.

"நாளைக்குள் நான் தட்டாகிவிடுவேன்" என்றது ஈயச்சொம்பு.

அண்டா தொண்டையைச் செருமிக்கொண்டது. "சுவருக்கு அந்தப் பக்கம்... யாரேனும் இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன், ஐயா" என்றது கழுநீர். "முற்றத்தைத் தாண்டலாமா என்றுதான் தெரியவில்லை."

"பெரியவரே, ஒரு சொட்டு விழுந்துவிட்டது" என்றது ஈயச்சொம்பு.

"தாண்டு. அடுக்களைக்குள்ளேயே வா. ஆசாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தகர வாளி கழுநீரை முகந்துகொண்டு, அதுவரை நுழைந்தறியாத அடுக்களைக்குள் தத்தித் தத்தி வந்து, அடுப்பில் கவிழ்த்தது. தீ அணைந்தது. ஈயச்சொம்பின் மறுபக்கமும் சற்றுக் கரைந்திருந்தது. அதனால் இப்போது அது நேராக உட்கார்ந்தது.

அண்டா தரையில் ஓடிய நீரைக் குனிந்து பார்த்தது. "இவ்வளவு தெளிவாக இருக்கிறாயே. எந்தக் குடும்பத்து நீரப்பா நீ?"

"உங்கள் குடும்பந்தான், ஐயா. வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் அடிபிடித்ததே. உங்கள் வயிற்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார்களே, அந்த நீர்."

கரண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

திரும்பி வந்த வேதாசலம் நனைந்த அடுப்பைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், வெளியே போய் நாணற்குழியை எட்டிப் பார்த்தார். "அம்மா, கீரைக்கு இதையே ஊத்தியிருக்கலாமே" என்றார். அன்றுமுதல் கீரையும் கழிப்பிடமும் கழுநீரின் பொறுப்பாயின. மெலிந்த ஓடையே சமையலுக்குப் போதுமானவளாக இருந்தாள்.

ஆனால் அண்டாவுக்கு உறக்கம் இல்லை. ஒரு தகர வாளிக்கு முன்னால் கடன்பட்டு நிற்பது அதற்குப் பொறுக்கவில்லை. கல்தொட்டி நிறைந்த முதல் நாளில், சோறு வடித்து, பந்தி முடிந்து, தன்னைக் கழுவிய நீர் வயிற்றில் இருக்கும்போதே, அது வாளியை அருகே அழைத்தது. எல்லாப் பாத்திரங்களும் பார்த்திருக்க, தானே சாய்ந்து, பெற்றதைத் திருப்பிக் கொடுத்தது: ஒரு வாளி நீர், மூன்று பருக்கைகளுடன்.