மேற்படி ஆட்டம்

கோணக்காட்டூர்ச் சதுரங்க மன்றத்தில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் சதுரங்கம் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். காய்களின் பெயர் நன்றாகவே தெரியும்.

பூவலிங்கம் தலைவர். தவசியப்பன் செயலாளர். மாசிலாமணி துணைச் செயலாளர். மிச்சமிருந்த சித்திரவேலு உறுப்பினர். பதவி இல்லாத ஒரே ஆள் என்பதால் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாமல் அங்கே மின்விசிறிகூடச் சுற்றாது. வேர்த்து ஒழுக ஒழுகத் தீர்மானம் போடுவார்கள். பிறகுதான் சுவிட்சைத் தட்டுவார்கள்.

மன்றம் நடந்தது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு அறையில். பத்துக்குப் பத்து. தவசியப்பனுக்கு அந்த அறைதான் எல்லாம். மாவு மில்லை மகன் கையில் கொடுத்த பிறகு வீட்டில் அவரை யாரும் எதற்கும் கேட்பதில்லை. இங்கே அவர் செயலாளர். கதவில் பெயர் எழுதியிருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. அது போய்விட்டால் காலை எழுந்ததும் எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் செல்லக்கிளி ஒருநாள் வாசலில் வந்து நின்றார். நல்ல பெண்மணி. பொறுமை மட்டும் கிடையாது.

“தவசியப்பண்ணே, மன்றம் ஆரம்பிச்சு எத்தனை வருசமாச்சு?”

“பதினொண்ணு முடிஞ்சுபோச்சும்மா.”

“வெளியூர்க்காரங்களோட ஆடி ஒரு ஆட்டமாச்சும் ஜெயிச்சிருக்கீங்களா?”

தவசியப்பன் மன்றத்து நோட்டை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் புரட்டினார்.

“அப்படி ஒண்ணும் எழுதி வைக்கலம்மா.”

“ப்ளீச்சிங் பவுடர் மூட்டையெல்லாம் மழையில நனையுது. இந்த ரூமு எனக்கு வேணும். சும்மா பிடுங்கினேன்னு பேச்சு வரக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை மேலக்குடி மன்றத்தோட அஞ்சு ஆட்டம் ஏற்பாடு பண்ணிருக்கேன். அஞ்சுல ஒண்ணே ஒண்ணு ஜெயிங்க, ரூமு உங்களுக்கு. இல்லையா, சாயங்காலம் சாவி என் கைக்கு வந்துரணும்.”

ஒரே ஒரு ஆறுதல். மனிதர்கள் ஆடப்போவதில்லை. இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களும் இன்டர்நெட்டில் மோதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்றே நிமிடம். யாருக்கு நேரம் தீர்கிறதோ அவர் தோற்றார்.

“நாம ஆடலேன்னா ஜெயிக்க வாய்ப்பிருக்கு” என்றார் தலைவர் பூவலிங்கம். அது தீர்மானமாக ஏகமனதாய் நிறைவேறியது.

டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஜெசிந்தா சனிக்கிழமை வந்து பெட்டியை மாட்டிக் கொடுத்தார்.

“ரொம்ப சுலபம் சார். பெட்டி தானா ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் இந்தக் கட்டம் வரும், பாருங்க. இப்படித்தான் ஆடணும்னு ஏதாவது சொல்லணும்னா தமிழ்லயே இதுல அடிக்கலாம். அடிச்சதை அப்படியே செய்யும்.”

“அப்படியேவா?” என்றார் தவசியப்பன்.

“அப்படியே. அதனாலதான் சொல்றேன், ஒண்ணும் அடிக்காதீங்க. காலியா விட்டுருங்க. அதுவா ஆடினா எவனையும் ஜெயிக்கும்.” வண்டியைக் கிளப்பிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “நாளைக்கு லைன் கட்டாகாமப் பாத்துக்கங்க.”

அந்தப் பொறுப்பை மாசிலாமணி ஏற்றுக்கொண்டார். கட்டாகாமல் இருக்க வேண்டுமானால் கட் பண்ணுகிற சாமான் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. வீடு வீடாகப் போனார். பதினாறு அரிவாள்மனை, எட்டுக் கத்தி, சலூனிலிருந்து இரண்டு கத்தரிக்கோல், ஒரு வெற்றிலைப் பாக்குவெட்டி. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி அறை மூலையில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் முழுப் பூசணிக்காயை அப்படியே வேகவைத்தார்கள்.

பத்து மணிக்கு முதல் ஆட்டம். திரையில் கட்டம் வந்தது.

“அந்தம்மா காலியா விடச் சொன்னாங்க” என்றார் சித்திரவேலு.

மற்ற மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“ஏன்யா, நீ தாலுகா ஆபீஸ் பக்கமே போனதில்லையா?” என்றார் பூவலிங்கம். “மனுவுல ஒரு கட்டம் காலியா இருந்தா என்ன செய்வான்?”

“திருப்பி அனுப்புவான்.”

“ஆட்டத்தைத் திருப்பி அனுப்பிட்டா ரூமுக்கு யாரு பதில் சொல்றது?”

தவசியப்பன் ஒரு விரலால் அடித்தார்: நிதானமாக ஆடவும்.

பெட்டி நிதானமாக ஆடியது. ஒரு நிமிடம் போனது. காய் நகரவில்லை. இரண்டு நிமிடம் போனது. மூன்றாவது நிமிடமும் போனது. ஒரு சிப்பாயைக்கூடத் தொடாமல் நேரம் தீர்ந்து தோற்றது.

“என்னா நிதானம்” என்றார் பூவலிங்கம். “பதினோரு வருசத்துல இப்படி ஒரு நிதானத்தை நான் பாத்ததில்லை.”

தவசியப்பனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் இடுப்புச் சாவியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது ஆட்டத்துக்கு அடித்தது: வேகமாக ஆடவும். பதினொரு விநாடியில் எல்லாம் முடிந்தது. நாலு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ராஜா மாட்டிக்கொண்டு நின்றார். நடுவில் ராணி போன இடம் ஒருவருக்கும் தெரியவில்லை.

“வேகம் இருக்கு” என்றார் மாசிலாமணி சாக்கு மேலிருந்து. “எந்தப் பக்கம்னுதான் தெரியல.”

“ராணியை விட்டதுதான் தப்பு” என்றார் தவசியப்பன். “ராணி இல்லாம வீடு உருப்படுமா? அதை எழுதுவோம்.”

எழுதினார்கள். ராணியைப் பறிகொடுக்க வேண்டாம்.

மூன்றாவது ஆட்டத்தில் பெட்டி ராணியைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்தது. சுற்றி யானை, குதிரை, சிப்பாய் எல்லாவற்றையும் நிறுத்தியது. சாமி ஊர்வலத்துக்குக்கூட அவ்வளவு காவல் கிடையாது. ராஜா மட்டும் நடு வெளியில் தனியாக நின்றார். மேலக்குடியின் சிப்பாய் ஒருவன் நடந்து வந்து அவரை மடக்கினான்.

“ராணி எப்படி இருக்காங்க?” என்று கேட்டார் பூவலிங்கம்.

“பத்திரமா இருக்காங்க” என்றார் தவசியப்பன்.

“ராஜா?”

“தீர்மானத்துல ராஜா இல்லைங்களே.”

நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். இல்லைதான். பெட்டியின் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. நாலாவது ஆட்டத்துக்குத் திருத்தத் தீர்மானம் போட்டார்கள்: ராஜா, ராணி இருவர் உயிருக்கும் எந்த ஆபத்தும் வராமல் பார்த்துக்கொள்ளவும்.

பெட்டி ஒரு விநாடி யோசித்தது. இரண்டு உயிருக்கும் எந்த ஆபத்தும் வராமலிருக்க ஒரே வழி சண்டைக்குப் போகாமலிருப்பதுதான். முதல் காயை நகர்த்துவதற்கு முன்பே ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மேலக்குடிக்குச் செய்தி அனுப்பிவிட்டது.

வெளியே தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நல்ல புத்திதான்” என்றார் பூவலிங்கம் கடைசியில். “ஆனா இதுக்கும் தோல்வின்னுதான் கணக்கு வைப்பாங்க.”

மிச்சம் ஒரு ஆட்டம். தவசியப்பன் கதவைப் பார்த்தார். ப்ளீச்சிங் பவுடர் வாடை இப்போதே மூக்கில் ஏறுவதுபோல் இருந்தது. கதவில் தன் பெயரை அழித்துவிட்டு ‘கிடங்கு’ என்று எழுதுவார்கள். எழுதுகிற பெயின்டர்கூடத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

“தலைவரே, இதுவரைக்கும் நாம சொன்னது எல்லாம் சரி” என்றார். “எல்லாத்தையும் பெட்டி சரியாத்தான் செஞ்சுது. அப்புறமும் தோக்கறோம். அதான் புரியல.”

“சொன்னதெல்லாம் தனித்தனியாச் சொல்லிட்டோம்” என்றார் மாசிலாமணி. “நாலையும் சேத்து அடிப்போம்.”

“நாலையும் அடிக்க நேரமில்லையே. ஒரு விரல்தானே” என்றார் தவசியப்பன்.

“காலியா விட்டா...” என்று ஆரம்பித்தார் சித்திரவேலு.

“மறுபடியும் பாரு” என்றார் பூவலிங்கம்.

“இல்லைங்க. காலியா விட வேணாம். மனுவுல மேல எழுதினதையே திரும்ப எழுதணும்னா என்ன போடுவோம்? மேற்படின்னு போடுவோம்ல.”

பதினோரு வருடத்தில் உறுப்பினர் சொன்னது முதல்முறையாக எல்லாருக்கும் பிடித்தது. மாசிலாமணி முன்மொழிந்தார். பூவலிங்கம் வழிமொழிந்தார். தவசியப்பன் கட்டத்தில் அடித்தார்: மேற்படி.

பெட்டிக்கு முந்தின ஆட்டமெல்லாம் ஞாபகத்தில் கிடையாது. மேற்படி என்றால் மேலே உள்ளபடி. திரையில் கீழே கோணக்காட்டூர்க் காய்கள், மேலே மேலக்குடிக் காய்கள். அதில் பெட்டிக்கு ஒரு குழப்பமும் இல்லை.

மேலக்குடி ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை நகர்த்தியது. பெட்டியும் அதையே நகர்த்தியது. மேலக்குடி குதிரையை எடுத்தது. பெட்டியும் அதே குதிரை. அவர்கள் மந்திரி, இவர்கள் மந்திரி. அவர்கள் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தார்கள், கண் மூடித் திறப்பதற்குள் இவர்கள் ராஜாவும் உள்ளே போய் உட்கார்ந்தார்.

மேலக்குடியின் மிஷின் பெரிய படிப்பு படித்தது. நாலு ஆட்டமும் அது முட்டாளோடு ஆடியது. இப்போது எதிரே இருப்பவன் தன்னைப் போலவே ஆடுகிறான். அப்படி ஒரு புத்திசாலியை அது வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆகவே மதிப்புக் கொடுத்து யோசிக்க ஆரம்பித்தது. ஐந்தாவது நகர்த்தலுக்குப் பத்து விநாடி. எட்டாவதுக்கு இருபது. பன்னிரண்டாவதுக்கு முழுசாக ஒரு நிமிடம். பெட்டி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பார்த்து எழுதுகிறவனுக்கு என்ன யோசனை.

“நம்ம பெட்டி சுறுசுறுப்பாத்தான் இருக்கு” என்றார் பூவலிங்கம். “அவங்களோடது ரொம்ப நிதானம். முதல் தீர்மானத்தை எவனோ அங்கே சொல்லிட்டான் போல.”

மூவரும் சித்திரவேலுவைப் பார்த்தார்கள்.

பிறகு திரை சிவந்தது. எழுத்து வந்தது: நேரம் முடிந்தது.

அந்த எழுத்தை அவர்கள் முதல் ஆட்டத்திலேயே பார்த்திருந்தார்கள். அர்த்தம் தெரியும். பூவலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மாசிலாமணி சாக்கிலிருந்து இறங்கினார். தவசியப்பன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்கப் போனார். அவிழ்க்க வரவில்லை. பதினோரு வருட முடிச்சு. சாக்கிலிருந்து ஒரு கத்தியை எடுத்து அறுத்தார்.

அப்போது போன் அடித்தது. மேலக்குடிச் செயலாளர் பரஞ்சோதி.

“என்னய்யா மிஷின் வச்சிருக்கீங்க?” என்றார் எடுத்த எடுப்பில்.

“மன்னிச்சுக்கங்க” என்றார் தவசியப்பன். “எங்களால முடிஞ்சது அவ்வளவுதான்.”

“என்ன கிண்டலா? எங்க மிஷின் உங்களை மடக்க ஒரு வழி கண்டுபிடிச்சுது. ஒன்பது நகர்த்தல்ல முடிஞ்சிரும். சரின்னு ஆடித் தொலைக்க வேண்டியதுதானே. இன்னொரு வழியையும் கண்டுபிடிச்சுது. அதுலயும் ஒன்பது. ரெண்டுல எது உசத்தின்னு கடைசி அரை நிமிசம் பூரா யோசிச்சுக்கிட்டே உக்காந்திருச்சு.”

“அடப் பாவமே. அப்புறம் எதை ஆடுச்சு?”

பரஞ்சோதி போனை வைத்துவிட்டார்.

தவசியப்பன் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். செல்லக்கிளி வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் பஞ்சாயத்து ஆட்கள் இரண்டு பேர், தலைக்கு ஒரு மூட்டை.

“இந்தாங்கம்மா” என்று சாவியை நீட்டினார். “அஞ்சாவதும் நேரம் முடிஞ்சுபோச்சு.”

“யாரு நேரம்?”

“திரையில பேர் போடலம்மா.”

செல்லக்கிளி உள்ளே போய்த் திரையைப் பார்த்தார். மேலே, மேலக்குடிப் பக்கத்துக் கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். தவசியப்பனைப் பார்த்தார். நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

“அவங்க நேரம்ணே. நீங்க ஜெயிச்சிட்டீங்க.”

“நாங்களா?”

“நீங்கதான். எனக்கும் நம்ப முடியல.” மூட்டைகளைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். “சொன்னது சொன்னதுதான். ரூமு உங்களுக்கு. ஆனா ஒண்ணு. எனக்கு அடுத்து வர்றவங்க என்னை மாதிரி இருக்க மாட்டாங்க. எதையாவது கொண்டாந்து உள்ள அடைச்சிருவாங்க. இன்னையிலேருந்து யாரா இருந்தாலும் சரி, ஒரு ஆளைக்கூட உள்ள விடாதீங்க. தெரியுதா?”

“விட மாட்டோம்மா” என்றார் தவசியப்பன். அவர் கண் கலங்கியிருந்தது.

செல்லக்கிளி போனதும் அவசரக் கூட்டம் கூடியது. யாராக இருந்தாலும் ஒரு ஆளைக்கூட உள்ளே விடுவதில்லை என்று தவசியப்பன் முன்மொழிந்தார். பூவலிங்கம் வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. சதுரங்கப் பலகையை எடுத்துக்கொண்டு நாலு பேரும் வெளியே வந்தார்கள். கதவைப் பூட்டினார்கள்.

இது நடந்து மூன்று மாதமாகிறது. அறை பத்திரமாக இருக்கிறது. நாலு பேரும் தினம் காலை எட்டு மணிக்கு வந்து, கதவுக்கு எதிரே வெயிலில் பலகையைப் போட்டு ஆடுகிறார்கள். தெருப் பெண்கள் அரிவாள்மனை கேட்டு வந்தார்கள். விடவில்லை. ஜெசிந்தா பெட்டியைக் கேட்டு இரண்டு முறை வந்தார். விடவில்லை. செல்லக்கிளியே ஒருநாள் வந்து, “வெயில்ல ஏன்ணே உக்காந்திருக்கீங்க, உள்ள போங்க” என்று சொல்லிக் கதவைத் திறக்கப் போனார். அவரையும் விடவில்லை.

போன வாரம் தவசியப்பனுக்கு மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. ஜெயித்த அன்று சாவியோடு ஓடிய அவசரத்தில் பெட்டி மேல் வைத்தது, அப்படியே கிடக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சித்திரவேலு கதவுக்குக் குறுக்கே நின்றார்.

“யாரா இருந்தாலும்னு தீர்மானம் இருக்குங்க.”

“நான்தான்யா செயலாளர்.”

“முன்மொழிஞ்சதும் நீங்கதாங்க.”

தவசியப்பன் சாவியை மறுபடி இடுப்பில் செருகினார். பிறகு சித்திரவேலுவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கே அவரைக் காவல் செயலாளராக நியமித்துத் தீர்மானம் போட்டார்கள். இப்போது மன்றத்தில் உறுப்பினர் யாரும் இல்லை.

கண்ணாடி இல்லாமல் தவசியப்பனுக்குக் காய்கள் தெரிவதில்லை. ஆட்டத்தில் அதனால் ஒரு வித்தியாசமும் ஏற்படவில்லை.