மேகம்போல் ஏறிய கோடு

முதலில் அறியவேண்டியது ஒன்றுண்டு: மேகம் சன்னல்வழியே வந்துபோகும் கொடைக்கானல் குடை நிறுவனமொன்றின் இயக்குநர் சிங்காரவேலர், புள்ளிவிவர வரைபடத்தில் ஏறியிறங்கும் கோட்டை மட்டுமே பார்ப்பார், தலைப்பைப் படிக்கமாட்டார்.

விற்பனை சரிந்த ஆண்டில், தரவுப் பகுப்பாய்வாளர் தமயந்தியை அழைத்தார்.

“இன்றைய பங்குதாரர் கூட்டத்தில் கோடு ஏறவேண்டும். இறங்கினால் நீயும் மலையிறங்கலாம்!”

“பொய் வரையமாட்டேன், ஐயா. ஆனால் கோடு ஏறும்.”

கூட்டத்தில், திரையில் கோடு பனிமூட்டம்போல் மெல்ல மெல்ல உயர்ந்தது.

“பார்த்தீர்களா! அத்தனையும் என் உழைப்பு” என்று பூரித்தார் சிங்காரவேலர்.

“எதன் கோடம்மா இது?” என்றார் பங்குதாரர் ஒருவர்.

“ஒழுகுகிறதென்று திரும்பிவந்த குடைகள், ஐயா. நம்மிடம் ஏறுவது இது ஒன்றுதான்.”

பின்னர் முடிவானவை: குடைத்துணி மாற்றப்பட்டது, தமயந்தி மலையிலேயே இருந்தாள், சிங்காரவேலர் தலைப்பை வாய்விட்டுப் படித்த பின்பே கோட்டைப் பார்க்கலானார்.