யாரும் கேட்காத ஹார்ப்

"இன்னிக்கோட இதை விட்டுர்றேன் டீச்சர்" என்றார் சிதம்பரநாதன்.

கோவையில் ஒரு கல்யாண மண்டபம். மாலை வரவேற்பு. ஆளுயரத் தந்தி வாத்தியமான ஹார்ப்பில் முதல் பாட்டை அப்போதுதான் முடித்திருந்தார். ஒரு கைதட்டல் இல்லை.

ஜெசிந்தா டீச்சர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். இருந்தாலும் கற்றுக்கொடுப்பவர் அல்லவா? அவர் எதிரில் சிதம்பரநாதன் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டார்.

"ஏன் சார்?"

"மாப்பிள்ளை ஆசைப்பட்டார்னு நம்மளக் கூப்பிட்டாங்க. காலைல தாலி கட்டற நேரத்துல கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டாங்க. இப்ப ஐஸ்கிரீம் சாப்பிடறப்ப வாசிங்கறாங்க. பக்கத்துல வந்தவர் ஒருத்தர், இது என்ன எடை இருக்கும்னு கேட்டார். இன்னொருத்தர் இதுமேல சாஞ்சு செல்ஃபி எடுத்துக்கிட்டார்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. பாவம், விரல் தோல் உரிய உரியக் கற்ற மனிதர்.

"தாலி கட்டறப்ப எதுக்கு சார் கெட்டிமேளம்?"

"தும்மல், அழுகைன்னு வேண்டாத சத்தம் எதுவும் யார் காதுலயும் விழக் கூடாதுன்னுதான்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன? மேளத்தை நிறுத்திடுவாங்க."

"எந்திரிங்க சார். கொஞ்ச நேரம் நான் வாசிக்கறேன். நீங்க அந்தத் திரை ஓரமா உட்காருங்க."

மணமக்கள் நின்ற மேடைக்குப் பின்னால் பூ வைத்த திரை ஒன்று தொங்கியது. அதன் ஓரத்தில் போய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சர் வாசித்தார். கூட்டம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் திரைக்குப் பின்னால் யாரோ வந்தார்கள். சிதம்பரநாதன் எட்டிப் பார்த்தார்.

பெண்ணின் அப்பா வேலாயுதம். காலையிலிருந்து வாசலில் நின்று எல்லாரையும் வாய் நிறையச் சிரித்து வரவேற்றவர். மனைவி போன துக்கம் ஆறுவதற்குள் மகள் கல்யாணம்.

துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். அழுகை துண்டுக்கு அடங்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், மகள் பூங்கோதை போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் அப்பாவிடம் சொன்னது சிதம்பரநாதன் காதிலும் விழுந்திருந்தது.

"நீங்க அழுதீங்கன்னா நான் மேடையை விட்டு இறங்கிருவேன்ப்பா. என்னால தாங்க முடியாது."

திரைக்குப் பின்னால் விம்மல் பெரிதானது. டீச்சரின் விரல்கள் தடித்த தந்திகளுக்கு இறங்கின. வாசிப்பு கனத்தது. விம்மல் தணிந்ததும் வாசிப்பும் தணிந்தது. டீச்சர் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை.

வேலாயுதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

"வாங்க மாமா! சாப்டீங்களா?" என்ற அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

சிதம்பரநாதன் எழுந்தார். டீச்சரிடம் வந்தார்.

"காலைல இருந்தேவா இப்படி வந்து அழறார்?"

"காலைல இருந்தே" என்ற டீச்சர் எழுந்து இடம் விட்டார். அவர் உட்கார்ந்தார்.

நேரம் போனது. கூட்டம் கலைந்தது. மேடையில் மணமக்களும் போட்டோக்காரரும் மட்டும் மிச்சம். மண்டபத்தில் பேச்சுச் சத்தம் ஓய்ந்துவிட்டது. சிதம்பரநாதன் அடுத்த பாட்டுக்குத் தந்தியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பந்தி பார்ப்பவர் வந்தார்.

"சாப்பிட வாங்க சார். எல்லாரும் கிளம்பிட்டாங்க. இனிமே வாசிச்சா யார் காதுல விழப்போவுது?"

திரைக்குப் பின்னால் காலடி கேட்டது.

சிதம்பரநாதன் ஹார்ப்பைத் தோளோடு சாய்த்துக்கொண்டார்.

"யார் காதுலயும் விழக் கூடாதுங்க" என்றபடி தடித்த தந்திகளில் கை வைத்தார்.